துக்க வீட்டு வோல்டேஜ்

"மதினி, துக்கத்தோட துக்கமா ஒண்ணு கேக்கலாமா? இப்ப உங்க தெருவுல யாராச்சும் வடை சுடுவாகளா?"

கேட்டது வாசல் சுவரில் இருந்த மீட்டர் பெட்டி. கேட்கப்பட்டவள் வேல்மயில், அன்று விடியற்காலையில் கணவரை இழந்தவள். கணவர் சீனிராஜ், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசல் பந்தலுக்கடியில் கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் நெற்றி நிறைய விபூதியோடு படுத்திருந்தார்.

பந்தல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"யாரு, அழுத்தம்மாவா?" என்று நாற்காலியை விட்டு எழுந்தார் சங்கரபாண்டி. குடியிருப்போர் சங்கத் தலைவர். "எழவு வீட்டுல வடை கேக்குறாளே, இவளுக்கு நேரங்காலமே கிடையாதா?"

அழுத்தம்மா என்பது தெரு வைத்த பெயர். அருப்புக்கோட்டைக்கு வெளியே, செம்பருத்தி நகர் மூன்றாம் தெருவின் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வைத்த பேசும் இயந்திரம் அது. கூரைக்குக் கூரை சோலார் தகடு மாட்டி, கேஸ் சிலிண்டரை ஒழித்து, வீட்டுக்கு இரண்டு கம்பி அடுப்பு கொடுத்த வருடத்தில் வந்தது. வந்த புதிதில் "நுகர்வோரே" என்று கூப்பிட்டது. ஒருவரும் காதில் வாங்கவில்லை. பிறகு தெருவின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மதினி, அண்ணாச்சி, சித்தி என்று உறவு பிடித்துக்கொண்டது. உறவு வந்ததும் உரிமையும் வந்துவிட்டது. "சித்தி, வெயில் ஏறுது, மாவாட்டினா என்ன?" "அண்ணாச்சி, வேட்டி கசங்கியிருக்கே, இஸ்திரி போடலையா?" என்று மத்தியானம் முழுக்க நச்சரிப்பு. தெரு பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, எல்லா வீட்டு மீட்டர் பெட்டியின் வாயையும் வெள்ளைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டது. சீனிராஜ் மட்டும் பூசவில்லை. ஓய்வு பெற்ற மனிதருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

"விஷயத்தைச் சொல்லு தாயி," என்றாள் வேல்மயில்.

"எல்லாக் கூரையும் கரண்டைக் கொட்டுது மதினி. துட்டி விழுந்த தெருன்னு ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. செலவழிக்க ஆளில்லாத கரண்டு கம்பியிலேயே ஏறி நிக்குது. தெருக்கடைசிக்கு வர வர அழுத்தம் கூடும். உங்க வீடு கடைசி வீடு. இன்னும் கொஞ்சம் ஏறினா அண்ணனோட பெட்டி நின்னுரும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஐஸ் பெட்டி 'டொக்' என்றது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த மொக்கச்சாமி குனிந்து பார்த்தார். "அழுத்தம் கூடிருச்சு. கால் மணி நேரம் கழிச்சுத் தானா எடுக்கும். ஆனா இப்படியே நின்னு நின்னு எடுத்தா, இந்தக் கத்திரி வெயில்ல முகம் தாங்காதுங்க. பொழுது சாயிற வரைக்கும் நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

பொழுது சாயும்போதுதான் மகன் நவநீதன் வருவான். சிங்கப்பூரில் விமானம் ஏறிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

"அப்ப நேரத்தோட எடுத்துருவோம் தங்கச்சி," என்றார் சங்கரபாண்டி. "பையன் வந்து சாம்பலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யட்டும்."

"எம்மவன் முகம் பாக்காம எடுக்க விடமாட்டேன்."

"போன்லதான் தினமும் பாத்துக்கிட்டாங்களே..."

"எங்க பாத்தான்? இவுகளுக்குப் போனை எப்படிப் பிடிக்கணும்னு கடைசி வரைக்கும் தெரியல. நாலு வருஷமா அவன் பாத்ததெல்லாம் எங்க வீட்டு ஃபேனைத்தான். 'அப்பா, மூஞ்சியக் காட்டுங்க'ம்பான். இவுக 'தெரியுதா, தெரியுதா'ன்னு ஃபேனைக் காட்டிக்கிட்டே பேசுவாக. இன்னைக்கு ஒரு நாள் நேர்ல பாத்துட்டுப் போகட்டும், அண்ணாச்சி."

சங்கரபாண்டி மீட்டர் பெட்டியைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரையும் ஏசி போடச் சொல்லட்டுமா?"

"ஏசியெல்லாம் எப்பவோ நின்னுருச்சு அண்ணாச்சி. அதுக எல்லாம் பயந்த சுபாவம், கொஞ்சம் அழுத்தம் கூடினாலே தானா அணைஞ்சுரும். கம்பி அடுப்பு ஒண்ணுதான் என்ன வந்தாலும் தாங்கிக்கிட்டு எரியும்."

"அப்ப சோலாரை நிப்பாட்டேன். அதுக்குத்தானே உன்னைய இங்க வச்சிருக்கு?"

அழுத்தம்மா கொஞ்சம் தயங்கியது. "நிப்பாட்டி ரொம்ப நேரமாச்சு. ஒரு வீடும் நிக்கல. என் சுவிட்சைத் தொடாம யாரோ சுத்திக் கம்பி போட்டு வச்சிருக்காக."

"யாரு வீட்டுல?"

"எல்லா வீட்டுலயும்."

அவரவர் தங்கள் கூரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுல கிடையாது," என்றார் சங்கரபாண்டி.

"எங்க வீட்டுலயும் இல்ல." "நாங்கெல்லாம் அந்த மாதிரி ஆளுகளே இல்ல." "மாடிப்படி ஏறியே வருசக்கணக்காச்சு." இடதுபுறம், வலதுபுறம், பின்னாலிருந்து என்று வரிசையாக வந்தது. கடைசியில் எதிர்வீட்டு ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"எதுக்குப் பொய்? எங்க வீட்டுல இருக்கு. மத்தியானமானா எங்க பக்கத்துத் தகட்டைத்தான் அழுத்தம்மா மொதல்ல நிறுத்துவா, கரண்டு வித்து வர்ற காசு போயிரும். அண்ணன்தான் பாவப்பட்டு வந்து கம்பி போட்டுக் கொடுத்தாக. 'யார்கிட்டயும் மூச்சு விடாத தங்கச்சி, உனக்கு மட்டும்தான் செய்றேன்'னாக."

"உங்களுக்கு மட்டுமா?" என்று கத்திவிட்டார் சங்கரபாண்டி. "எனக்கு மட்டும்னுல்ல சொன்னாரு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் "எங்களுக்கும் அதேதான்", "எங்க கிட்டயும் சத்தியம் வாங்கினாரே" என்று பந்தலெங்கும் முணுமுணுப்பு. அத்தனை பேரும் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வீட்டு ரகசியத்தைத் தனித்தனியாகக் காப்பாற்றிய மனிதர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"போட்ட கம்பிய அறுத்துவிட்டா?" என்றார் மொக்கச்சாமி.

"வெயில் இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பிக்கு உசிரு இருக்கு. பட்டப்பகல்ல தொட்டா, தொட்டவுக அண்ணனுக்குப் பக்கத்துல படுக்கணும். அதுக்கு இன்னொரு பெட்டி வேணும்."

"எங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்," என்று மொக்கச்சாமி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"சரி, அடுப்பைச் சும்மா போட்டு விடுவோம்," என்றார் சங்கரபாண்டி. "சமைக்காம வெறும் அடுப்பு எரிஞ்சா அது குத்தமாகாதுல்ல?"

"மேல பாத்திரம் இல்லைன்னா அணைஞ்சுரும். அப்படித்தான் செஞ்சு கொடுத்திருக்கு."

"தண்ணி வச்சுக் கொதிக்க விடுவோம். அரிசி விழுந்தாத்தானே அது சமையல்? வெறுந்தண்ணி வெறுந்தண்ணிதானே?"

இதைப் பற்றிப் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். வெந்நீர் சமையலில் சேராது என்று ஒரு பக்கமும், வெந்நீர் வைத்தாலும் அடுப்பு மூட்டினது மூட்டினதுதான் என்று மறுபக்கமும் பேச்சு முற்றியது. ஜெசிந்தாதான் அதை உடைத்தாள்.

"லாரித் தண்ணி வந்து எட்டு நாளாச்சு. குடிக்கத் தண்ணியில்லாத தெருவுல பொழுது சாயிற வரைக்கும் தண்ணியக் கொதிக்க வச்சு ஆவியா விடப் போறீகளா?"

"எண்ணெய் அப்படிக் காத்துல போகாது," என்றது அழுத்தம்மா. "அதுக்குத்தான் நான் மொதல்லயே வடைன்னேன்."

சங்கரபாண்டி ஜெசிந்தாவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. உங்களுக்கு இந்த அடுப்பு மூட்டக் கூடாதுங்கிற முறையெல்லாம் கிடையாது. நீங்க போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நானும் காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாமத்தான் நிக்கிறேன். மத்த நாளெல்லாம் ஒரே தெரு, துட்டிக்கு மட்டும் நான் வேற தெருவா, அண்ணாச்சி?"

அவர் வேறு பக்கம் பார்த்தார். அடுப்பை மூட்டினால் பெட்டி ஓடும் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யார் முதலில் மூட்டுவது என்பதுதான் விளங்கவில்லை. சீனிராஜ் செத்த அன்று முதல் ஆளாக எண்ணெய்ச் சட்டி வைத்த குடும்பம் என்று ஒரு பேர் வந்தால், அந்த வீட்டில் பெண் எடுப்பது யார்?

வேல்மயில் எழுந்தாள். தலைமாட்டில் இருந்த பெண்கள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் எண்ணெய் வழிந்திருந்தது. அதைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"எங்க வீட்டு அடுப்பு எரியுது. எழவு வீட்டுலயே எரியுது. இனிமே யாரும் யாரையும் பேச முடியாது. போங்க. போயி எதையாவது போட்டுப் பொரிங்க."

தெரு கலைந்தது. உளுந்து ஊறவைக்க நேரமில்லாதவர்கள் வெங்காயத்தை அரிந்தார்கள். பலகாரக் கை உள்ளவர்கள் வெல்லத்தைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் இருபத்தெட்டு வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது. ஐஸ் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி, மறுபடி உறுமத் தொடங்கியது.

"நல்லாருக்கு மதினி. அண்ணனுக்குக் குளுந்திருச்சு," என்றது அழுத்தம்மா.

வேல்மயில் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேகம் வந்தது.

பெரிய மேகம் ஒன்றுமில்லை. வெள்ளாட்டுக்குட்டி அளவுக்கு ஒன்று, சூரியனுக்குக் குறுக்கே வந்து நின்றது. கூரைகள் கரண்டு கொடுப்பதை நிறுத்தின. அடுப்புகள் இழுப்பதை நிறுத்தவில்லை.

"மதினி, அணைக்கச் சொல்லுங்க! இப்ப அழுத்தம் இறங்குது. இறங்கினாலும் பெட்டி நிக்கும்!"

"நீ சொல்லேன் தாயி!"

"நான் எப்படிச் சொல்ல? உங்க வீட்டைத் தவிர எல்லாரும் என் வாயைச் சிமெண்டு வச்சுப் பூசிட்டாகளே!"

சங்கரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் பெட்டி நின்றுவிட்டது. தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம் போய்விட்டது. "போடுங்க, போடுங்க" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். பந்தலில் வந்து விழுந்து, "இன்னொரு மேகம் வந்தா என்னையும் சேத்து எடுத்துருங்க," என்றார்.

வேல்மயில் நின்றுபோன பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே துளித்துளியாக வியர்த்திருந்தது. அவள் அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்படியே வெடித்தது.

"கம்பமேறி நின்னவுக கால்தவறி விழலையே,
கட்டிலிலே படுத்தவுக கண்முழிச்சுப் பாக்கலையே..."

சுற்றி இருந்த பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வாங்கிப் பாடினார்கள். சத்தம் தெரு முழுக்கப் போனது. ஜெசிந்தா கரண்டியோடு வாசலில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மதினி, இந்தச் சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்குது. அழுதீகன்னா நாங்க அடுப்பைப் போடுறோம். நிறுத்தினீகன்னா அணைச்சிருறோம். போன் பேசி, ஆள் விட்டு, ஒண்ணும் ஆகாது. இதுதான் வழி."

"அழுறதை வச்சா?"

"வேற எதை வச்சு? துட்டி வீட்டுல மணியா அடிக்க முடியும்?"

அப்படியே ஆனது. அழுத்தம்மா வேல்மயிலின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப மதினி" என்று சொல்லும். வேல்மயில் குரலெடுப்பாள். பெண்கள் வாங்குவார்கள். இருபத்தெட்டு வீட்டில் அடுப்பு சிவக்கும். "போதும் மதினி" என்றால் எல்லாரும் பாதி வரியில் நிறுத்துவார்கள். தெருவெங்கும் அடுப்புக் குமிழ் திருகுகிற சத்தம் கேட்கும். வடைகள் பாதி வெந்து எண்ணெயில் காத்திருக்கும். பெட்டி நிற்காமல் ஓடியது.

முதலில் எல்லாருக்கும் இதில் ஒரு பெருமைகூட இருந்தது. போகப் போகத்தான் வேல்மயிலுக்கு அது என்ன வேலை என்று புரிந்தது. கண்ணீர் வற்றி, நாக்கு ஒட்டிக்கொண்ட நேரத்தில் வெயில் கொளுத்தும். "இப்ப மதினி" என்று வரும். சொல்ல ஒன்றும் இல்லாமல், சீனிராஜின் பழைய சைக்கிளையும் பல்செட்டையும் எல்லாம் இழுத்து வைத்து அழுவாள். அடிவயிற்றிலிருந்து தானாகப் பொங்கி வருகிற நேரத்தில் மேகம் வரும். "போதும் மதினி." வாயில் முந்தானையை அடைத்துக்கொள்வாள்.

"மதினி, அரை மேகம்தான். கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு, பாதி அடுப்பு போதும்."

"பாதி அழுகையை நான் எப்படித் தாயி அழ?"

"முனகல் மாதிரி இருந்தாக்கூடச் சரி."

முனகினாள். ஒற்றைப்படை வீடுகள் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதற்கும் ஒரு முறை வந்துவிட்டது.

சாத்தூரிலிருந்து சீனிராஜின் அக்கா இசக்கியம்மாள் வந்து இறங்கியபோது தலைக்கு மேலே நல்ல கனத்த மேகம். விவரம் தெரியாத அந்த அம்மாள் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "என் கூடப் பொறந்தவனே!" என்று ஒரு குரல் எடுத்தாள். வஞ்சனையில்லாத குரல். இருபத்தெட்டு வீட்டிலும் அடுப்பு பற்றிக்கொண்டது. பெட்டி திணறியது. வேல்மயில் விரித்த தலையோடு ஓடிப்போய் நாத்தனாரின் வாயைப் பொத்தினாள்.

"அழாதீக அக்கா! மேகம் நிக்குது!"

இசக்கியம்மாள் கையைத் தட்டிவிட்டாள். "என் தம்பிக்கு நான் அழக் கூடாதா? புருஷன் செத்ததும் புத்தி மாறிப்போச்சாடி உனக்கு?"

"அழலாம் அக்கா. நல்லா அழலாம். வெயில் வரட்டும்."

அந்த அம்மாளை உட்காரவைத்து ஜெசிந்தா விளக்கினாள். முழுக்க விளங்கியதோ இல்லையோ, சூரியன் வெளியே வந்ததும் "இப்ப ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

சுட்ட பலகாரத்தைத் தின்ன ஆளில்லை. பிணம் எடுக்கும்வரை தெருவே பட்டினி. வடை, பஜ்ஜி, அதிரசம், வெங்காயப் பக்கோடா என்று கூடை கூடையாகப் பந்தலுக்கு வெளியே சேர்ந்தது. மொக்கச்சாமி மட்டும், "நான் வெளித்தெருக்காரன்ங்க," என்று சொல்லிச் சொல்லி எடுத்துக்கொண்டார். எட்டாவது வடையில், "உப்பு கம்மி," என்றார். யாரோ முறைத்தார்கள். "பெட்டி நல்லா ஓடுதுன்னு சொல்ல வந்தேன்," என்று மென்றார்.

ஒருவழியாக வெயில் கருவேலங்காட்டுக்குப் பின்னால் இறங்கியது.

"மதினி, இனி என் தொந்தரவு இல்ல. கூரையெல்லாம் ஓஞ்சிருச்சு. அழுத்தம் தானா ஒரு நிலைக்கு வந்திருச்சு," என்றது அழுத்தம்மா. "அடுப்பு எதுவும் போடாம இருந்தாப் போதும்."

வேல்மயில் தலையாட்டினாள். தொண்டை கட்டியிருந்தது. இனி அழ வேண்டியதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். வீடுகளில் சட்டியை இறக்க மனமில்லாமல், எதற்கும் இருக்கட்டும் என்று, குமிழுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

தெருமுனையில் கார் திரும்பியது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "தெருவுல ஏதும் கல்யாணமா சார்? எண்ணெய் வாசம் தூக்குது," என்று கேட்டது பந்தல் வரைக்கும் கேட்டது. கார் நிற்பதற்குள் நவநீதன் கதவைத் திறந்து இறங்கினான். கசங்கிய சட்டை. ஒரு கால் செருப்பு காரிலேயே கிடந்தது. பந்தலுக்குள் வந்தவன் பெட்டிக்கு இரண்டடி தள்ளி, அதற்குமேல் வரத் தெரியாதவன் போல நின்றான்.

"அம்மா," என்றான்.

வேல்மயில் அவனைப் பார்த்தாள். பகலெல்லாம் வெயிலுக்கும் மேகத்துக்கும் பங்கு வைத்தது போக அவளுக்கென்று ஒன்று உள்ளே கிடந்திருக்கிறது. அது எழுந்து வந்தது. வார்த்தை இல்லாத குரல். பந்தல் துணி நடுங்கியது.

இருபத்தெட்டு வீட்டிலும், ஐம்பத்தாறு அடுப்பும், ஒரே நேரத்தில் எரிந்தன.

தெரு அணைந்தது. பந்தல் விளக்கு, பெட்டிக்குள் இருந்த விளக்கு, பெட்டியின் உறுமல் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. இருட்டில் நவநீதன் பெட்டியைத் தடவுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அப்பா முகம் தெரியலையே... அம்மா, எங்கம்மா?"

அவள் அழுகையை நிறுத்தப் பார்த்தாள். பகல் முழுக்கச் சொன்னபடி நின்ற அழுகை இப்போது நிற்கவில்லை. அழுதுகொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"அணைங்கடி! அடுப்பை அணைங்க! இது கரண்டுக்கு அழுறது இல்லடி!"

எதிர்வீட்டில் குமிழ் திருகுகிற சத்தம் கேட்டது. அடுத்தது பக்கத்து வீடு. அதற்கடுத்த வீடு. அப்படியே தெருமுனை வரை போனது. சுமை இறங்கியதும் பந்தல் விளக்கு மினுக்கி எரிந்தது. பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது. நவநீதன் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டுக் குனிந்தான்.

வேல்மயில் அழுதுகொண்டே இருந்தாள். தெருவில் ஒருவரும் அடுப்பைத் தொடவில்லை.